விமானத்தில் லேசர்: ஜம்போவா, போர் விமானமா, சரக்கு விமானமா?

விமானத்திலிருந்து லேசரால் சுடுவது பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? கப்பலூர்ப் பக்கம் ஒரு ஷீட் மெட்டல் பட்டறை, அதில் 3 கிலோவாட் ஃபைபர் லேசர் வெட்டும் மெஷின் ஒன்று. அவ்வளவுதான். அண்ணன் மகள் மதுரையில் பொறியியல் படிக்கிறாள். அவளுடைய அணிக்கு ஒரு போட்டி. ஒரு விமானப்படை அடுத்த பத்தாண்டில் விமான லேசருக்குப் பணம் ஒதுக்கினால் எந்த வழிக்கு ஒதுக்க வேண்டும்? ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து நடுவர்கள் முன்னால் வாதாட வேண்டும். "உங்ககிட்டதான் லேசர் இருக்கே சித்தப்பா, நீங்களே சொல்லுங்க" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அணிக்குள் ஆளுக்கொரு பக்கம். ஒருவனுக்கு ஜம்போ போன்ற பெரிய விமானத்தில் மெகாவாட் லேசர் வேண்டும், பறக்கும்போதே ஏவுகணையைப் பொசுக்க. இன்னொருவனுக்குப் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் லேசர் பாட், அதாவது லேசர் அடங்கிய கூடு. இவளுக்குச் சரக்கு விமானத்தின் மேல் ஒரு கண். நாலாவது பெண்ணோ எதையும் எரிக்க வேண்டாம், வருகிற ஏவுகணையின் கண்ணைக் குழப்பினாலே போதும் என்கிறாள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிக்கிற லேசர் என்றால் சரக்கு விமானம். போர் விமானத்துக்கு இப்போதைக்குக் குழப்புகிற லேசரே போதும். ஜம்போ முடிந்துபோன கதை. ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

மில்லிமீட்டரும் கிலோமீட்டரும்

முதலில் ஒரு கணக்கு. என் மெஷினில் நாசிலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். கற்றை குவிகிற புள்ளியின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். உருகிய இரும்பை ஊதித் தள்ள ஆக்ஸிஜன் கூடவே வருகிறது. இத்தனை வசதியும் இருப்பதால்தான் 3 கிலோவாட்டில் 10 மில்லிமீட்டர் இரும்புத் தகடு அறுபடுகிறது.

இப்போது 30 கிலோவாட் ஆயுத லேசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்தி பத்து மடங்கு. ஆனால் இலக்கு 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது புள்ளி 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். பரப்பில் இது 2,50,000 மடங்கு. அப்படியானால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழுகிற சக்தி என் பட்டறை மெஷினில் விழுவதைவிட 25,000 மடங்கு குறைவு. ஊதித் தள்ள ஆக்ஸிஜனும் கிடையாது. லேசர் பட்ட மாத்திரத்தில் விமானம் இரண்டாகப் பிளக்கிற வீடியோக்களை நம்புகிறவர்கள் இந்த வகுத்தலை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

கற்றை விரிவது யாருடைய குறையும் இல்லை, ஒளியின் குணம் அது. அலைநீளம் கூடினால் அதிகம் விரியும். கண்ணாடி பெரிதானால் குறைவாக விரியும். ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1.06 மைக்ரான். 10 சென்டிமீட்டர் கண்ணாடி வழியாக அனுப்பினால், எல்லாம் கச்சிதமாக இருந்தாலும், 5 கிலோமீட்டரில் புள்ளி 13 சென்டிமீட்டர் ஆகிவிடும். 30 சென்டிமீட்டர் கண்ணாடி என்றால் 4 சென்டிமீட்டரை ஒட்டி வரும். அப்புறம் அதிர்வு. கற்றை 10 மைக்ரோரேடியன் ஆடினால், அதாவது ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலாக ஆடினால், அதே தூரத்தில் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இன்ஜின் உறுமும் விமானத்தில் உட்கார்ந்து இதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

சரி, துளை போட எவ்வளவு நேரமாகும்? 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் 10 சென்டிமீட்டர் வட்டத்தின் எடை சுமார் 64 கிராம். ஒரு கிராம் அலுமினியத்தை அறை வெப்பத்திலிருந்து உருக்க ஏறக்குறைய ஒரு கிலோஜூல் வேண்டும். எனவே 64 கிலோஜூல். 30 கிலோவாட்டில் பாதி காற்றிலும் பிரதிபலிப்பிலும் போய்விட்டதாக வைத்தால் 4 நொடிக்குச் சற்றுக் கூடுதல். அந்த 4 நொடியும் பறக்கிற பொருளின் அதே இடத்தில் கற்றை நிற்க வேண்டும். ஃபோம், பிளாஸ்டிக், மெல்லிய கூட்டுப்பொருளால் ஆன ட்ரோனுக்கு இவ்வளவு நேரம் தேவைப்படாது. அதனால்தான் இன்றைய லேசர்களின் வெற்றிப் பட்டியலில் பெரும்பாலும் ட்ரோன்களே இருக்கின்றன.

ஜம்போ

இந்த வழியில் ஏற்கெனவே ஒரு நாடு போய்ப் பார்த்துவிட்டது. 1983-ல் அமெரிக்க விமானப்படை ஒரு கேசி-135 ரக விமானத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயு லேசரை ஏற்றி, ஐந்து சைட்வைண்டர் ஏவுகணைகளையும் ஒரு ஆளில்லா இலக்கு விமானத்தையும் வீழ்த்திக் காட்டியது. ஆனால் அந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். ஃபைபர் லேசரைப்போலப் பத்து மடங்கு. கற்றையும் அதற்கேற்ப விரியும். சோதனைக்குச் சரி, போருக்கு உதவாது.

அடுத்து வந்தது ஒய்ஏஎல்-1. போயிங் 747 சரக்கு விமானத்தின் மூக்கில் ஒன்றரை மீட்டர் கண்ணாடி. உள்ளே ஆக்ஸிஜனும் அயோடினும் வேதிவினை புரிந்து ஒளி தரும் மெகாவாட் வகை லேசர். 2010 பிப்ரவரி 11 அன்று, கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையை அது உண்மையாகவே அழித்தது. மறு வருடம் டிசம்பரில் திட்டத்தையே மூடினார்கள். செலவு சுமார் 500 கோடி டாலர்.

வெற்றி பெற்றதை ஏன் மூடினார்கள் என்று அண்ணன் மகள் கேட்டாள். அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2009-லேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். எதிரி எல்லைக்கு வெளியே நின்று சுடுவதற்கு அந்த லேசர் இன்னும் 20, 30 மடங்கு சக்தி பெற வேண்டும். இருக்கிற சக்தியில் ஈரானின் ஏவுகணையைச் சுட வேண்டுமானால் ஈரானுக்குள்ளேயே வட்டமடிக்க வேண்டும். அதுவும் ஒன்றல்ல, 10 முதல் 20 ஜம்போக்கள், ஒவ்வொன்றும் 150 கோடி டாலர். ஒரு பெரிய, மெதுவான, குளோரினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சுமந்த விமானத்தை எதிரி வானத்தில் சுற்றவிடுவதை எந்தத் தளபதி ஒப்புக்கொள்வார்? போதாக்குறைக்கு, ரசாயனம் தீர்ந்தால் தரையிறங்கித்தான் நிரப்ப வேண்டும். இந்த வாதத்துக்கு நடுவர்களிடம் பதில் சொல்ல முடியாது என்பதால் அணியில் அந்தப் பையன் தானாகவே விலகிவிட்டான்.

போர் விமானம், அல்லது சூடு எங்கே போகும் என்ற கேள்வி

லேசர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வாட்டைக் கேட்பார்கள். மெஷின் வைத்திருப்பவன் அதைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் எப்படி என்று கேட்பான். மே மாத மதுரையில் எங்கள் பட்டறையில் முதலில் அலாரம் அடிப்பது சில்லர்தான், லேசர் இல்லை. ஃபைபர் லேசரில் உள்ளே போகிற மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு, நன்றாக இருந்தால் அதற்குச் சற்று மேல், ஒளியாக வெளியே வரும். மீதி முழுக்கச் சூடு. 100 கிலோவாட் ஒளி வேண்டுமென்றால் சுமார் 300 கிலோவாட் மின்சாரம் தர வேண்டும், 200 கிலோவாட் சூட்டை வெளியேற்ற வேண்டும். எங்கள் பட்டறைச் சில்லர் போல முப்பதுக்கும் மேற்பட்டதை இறக்கைக்கடியில் தொங்கவிடுவதற்குச் சமம். மேலே காற்று குளிர்ச்சிதானே என்று தோன்றும். குளிர்ச்சிதான், ஆனால் மெல்லிய காற்று; சூட்டை வாங்கிக்கொள்கிற அளவுக்கு அடர்த்தி இல்லை. எரிபொருளைச் சூடேற்றலாம், மெழுகு போன்ற உருகும் பொருளில் சூட்டைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கலாம். இரண்டிலும் அடுத்த தடவை சுடுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆற்றல் என்று பார்த்தால் ஒரு தடவை சுடுவது ஒன்றுமே இல்லை. 300 கிலோவாட்டை 10 நொடி இழுத்தால் 0.83 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் சில ரூபாய். பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசர் ஒரு தடவை சுட 10 பவுண்டுதான் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். ஆனால் அந்த 0.83 யூனிட்டை 10 நொடிக்குள் கொடுக்க வேண்டும். எஃப்-35 விமானத்தின் ஜெனரேட்டரே 160 கிலோவாட்தான். ரேடாரும் கணினிகளும் அதில் ஏற்கெனவே பங்கு கேட்கின்றன. பேட்டரியில் தேக்கிக் கொடுக்கலாம்; அப்போது எடை கூடும்.

அடுத்த தலைவலி காற்று ஓட்டம். கற்றையைத் திருப்ப ஒரு உருண்டை முனை வேண்டும். விமானம் ஒலி வேகத்தில் பாதியைத் தாண்டிய கொஞ்சத்திலேயே, அந்த உருண்டை மேல் ஓடும் காற்று சில இடங்களில் ஒலி வேகத்தை எட்டிவிடும். அங்கே அதிர்ச்சி அலை எழும், பின்பக்கம் காற்று கலங்கும், கலங்கிய காற்று கற்றையைச் சிதைக்கும். மிக மோசமான திசை பின்பக்கம். விமானம் தப்பித்து ஓடும்போது ஏவுகணை வருகிற திசையும் அதுதான்! நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணையை 5 கிலோமீட்டரில் கண்டுபிடித்தால், கண்டு, திரும்பி, குறிபிடித்து, எரிக்க மொத்தம் இருப்பது 5 நொடி. மேலே போட்ட அலுமினியக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஏவுகணை அடுத்தடுத்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்கர்கள் இதையும் முயன்றார்கள். ஷீல்டு என்ற திட்டத்தில் லாக்ஹீட் மார்ட்டினுக்கு 2017-ல் லேசர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2019-ல் வைட் சேண்ட்ஸ் சோதனைத் திடலில் தரையில் வைத்த ஒரு மாற்று லேசரால், விமானத்திலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைகளை வீழ்த்தினார்கள். ஆனால் போர் விமானத்தில் அந்தப் பாட் பறந்து சுடவே இல்லை. 2024-ல் திட்டம் முடிந்தது. ஏவுகணையை எரிக்க முடியும் என்று காட்டியாயிற்று. விமானத்தில் ஏற்றுகிற வேலைதான் கையை விரித்தது.

எரிக்காமல் தப்பிப்பது

நாலாவது பெண்ணின் வழி பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் நால்வரில் இன்று உண்மையாகவே வானத்தில் வேலை செய்துகொண்டிருப்பது அதுதான். வெப்பத்தைத் தேடி வருகிற ஏவுகணையின் மூக்கில் அகச்சிவப்புக் கண் ஒன்று இருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் புரிகிற அலைநீளத்தில், அதைக் குழப்புகிற தாளத்தில், சிறிய லேசரைப் பாய்ச்சினால் ஏவுகணை வழி தவறிவிடும். உலோகத்தை உருக்க வேண்டியதில்லை. எனவே கிலோவாட்டும் வேண்டாம், பெரிய சில்லரும் வேண்டாம். அமெரிக்கச் சரக்கு விமானங்களில் லெயர்கேம் என்ற பெயரில் இது பல காலமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. நம் குடியரசுத் தலைவரும் பிரதமரும் பயணிக்கும் போயிங் 777 விமானங்களுக்காக இதையும் வேறு சில பாதுகாப்புக் கருவிகளையும் சுமார் 19 கோடி டாலருக்கு விற்க 2019-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

குறையும் உண்டு. ரேடார் வழிகாட்டும் ஏவுகணைக்கு இது செல்லாது. படம் பிடித்து இலக்கை அடையாளம் காணும் புதிய வகைக் கண்களை ஏமாற்றுவது கடினம். ட்ரோன் கூட்டத்துக்கு முன்னால் இதற்கு வேலையே இல்லை. இருந்தாலும், போர் விமானத்தின் எடைக்கும் மின்சாரத்துக்கும் பொருந்துகிற லேசர் இன்றைக்கு இது ஒன்றுதான். எரிக்கும் பாட் வரட்டும் என்று இதை ஒத்திவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரக்கு விமானம்

என் பட்டறை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். சித்திரை வெயிலில் நண்பகலில் அந்த மலை நெளியும். புழுதி அதிகமான நாளில் மங்கிவிடும். தரையில் வைத்த லேசருக்கு நேர்வது இதேதான். நெளிவு கற்றையை உடைக்கும், புழுதி அதைச் சிதறடிக்கும். கற்றையே தன் வழியிலுள்ள காற்றைச் சூடாக்கி, அந்தச் சூட்டால் தானே விரிந்தும் போகும். வானியலாளர்களுக்கு இந்தத் தொல்லை எப்போதோ தெரியும். 1899-ல் கொடைக்கானலில் 2,300 மீட்டருக்கு மேலே சூரிய ஆய்வுக்கூடம் போய் உட்கார்ந்ததில் மேலே இருக்கும் காற்றுக்கும் பங்குண்டு. வளிமண்டலத்து நீராவியில் ஏறத்தாழ பாதி கீழ் 2 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதற்கு மேலே பறக்கிற விமானம் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ சுட்டால் கற்றைக்கு வழி சுத்தம். விமானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் சூடான காற்றும் பின்னால் போய்விடும். விமானத்தில் லேசரை ஏற்ற ஒரு நல்ல காரணம் உண்டென்றால் இதுதான்.

அந்த நன்மையை வாங்கிக்கொள்ளப் போர் விமானம் தேவையில்லை. சரக்கு விமானத்தில் இடம் இருக்கிறது, எடை தாங்கும், தனி ஜெனரேட்டர் வைக்கலாம், டன் கணக்கில் குளிர்விக்கும் நீர் சுமக்கலாம். வேகம் குறைவு என்பதால் உருண்டை முனையைச் சுற்றிக் காற்று அவ்வளவாகக் கலங்காது. 2021-ல் இஸ்ரேல் இதைச் சின்ன அளவில் செய்துகாட்டியது. எல்பிட் நிறுவனத்தின் லேசரை ஒரு செஸ்னா இலகு விமானத்தில் வைத்து, மத்தியதரைக் கடல் மேல், ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் பல ட்ரோன்களை வீழ்த்தினார்கள். ஜம்போவை ஏற்றிய நாடு 500 கோடி டாலர் செலவோடு திரும்பியது. செஸ்னாவை ஏற்றிய நாடு ட்ரோன்களோடு திரும்பியது.

எதிர்வாதத்தை மறைக்கக் கூடாது. அமெரிக்கர்கள் ஏசி-130ஜே என்ற ஆயுதமேந்திய சரக்கு விமானத்தில் 60 கிலோவாட் லேசர் ஏற்றத் திட்டமிட்டு, 2024-ல் பறக்கும் சோதனையைக் கைவிட்டார்கள். தரையில் முழுச் சக்தியில் இயங்கிய லேசர், தொழில்நுட்பச் சிக்கலால் தாமதமாகி, விமானம் ஒதுக்கப்பட்ட காலத்தைத் தவறவிட்டது. நடுவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். என் பதில்: அந்த விமானத்தின் வேலை தரையிலுள்ள வாகனத்தையும் ஜெனரேட்டரையும் சத்தமில்லாமல் எரிப்பது. அதாவது கீழ்நோக்கி, அடர்த்தியான, புழுதி கலந்த காற்றுக்குள் சுடுவது. உயரத்தின் நன்மையைத் தானே கைவிட்ட திட்டம். மேலே பறக்கும் ட்ரோனையும் மெதுவான க்ரூஸ் ஏவுகணையையும் இலக்காக வைத்தால் கணக்கு மாறும்.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு தூரம்? 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூல் திடலில் டிஆர்டிஓ 30 கிலோவாட் மார்க்-2ஏ லேசரால் நிலைத்த இறக்கை ட்ரோனையும் ட்ரோன் கூட்டத்தையும் வீழ்த்திக் காட்டியது. ஹைதராபாத்தின் செஸ் ஆய்வகம் உருவாக்கிய அது வண்டியில் வருவது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில், ஏவுகணைகளோடு சேர்த்து ஒருங்கிணைந்த வான்காப்பு அமைப்பின் ஒரு பகுதியாக லேசரும் சோதிக்கப்பட்டது. இவை தரையில் வருடக்கணக்கில் வெயிலும் மழையும் பார்க்கட்டும். அதில் கற்ற பாடத்தோடு சரக்கு விமானத்துக்கு ஏறுவதுதான் முறையான படி. தஞ்சாவூரின் சுகோய்க்கோ சூலூரின் தேஜஸுக்கோ எரிக்கும் லேசர் ஏறுவது அதற்கெல்லாம் அப்புறம்.

மைக்ரோவேவ் ஆயுதம் பற்றி அண்ணன் மகள் கேட்டாள். ட்ரோன் கூட்டத்தின் மின்னணுவைக் கூட்டமாகவே பொரிக்கும். எட்டும் தூரம் குறைவு, நம் கருவிகளையும் சேர்த்துத் தொந்தரவு செய்யும். தரையில் முகாமைக் காக்க நல்லது. விமானத்துக்கான இந்தப் போட்டியில் அதை ஒரு வரியில் தாண்டிவிடச் சொன்னேன்.

லேசரே வேண்டாம் என்கிறவர்

உண்மையில் எல்லா வழிகளுக்கும் எதிரி ஒரு 70 மில்லிமீட்டர் ராக்கெட். சாதாரண ராக்கெட்டின் நடுவில் ஒரு வழிகாட்டும் துண்டைச் செருகினால் ஏபிகேடபிள்யூஎஸ். சில பத்தாயிரம் டாலர்தான். போர் விமானங்கள் வானிலுள்ள இலக்கைச் சுடும் அம்ராம் ஏவுகணை ஒன்று சுமார் 10 லட்சம் டாலர். செங்கடல் பகுதியில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் அனுப்பிய ட்ரோன்களை அமெரிக்க எஃப்-16 விமானங்கள் இந்த மலிவு ராக்கெட்டால் வீழ்த்தின. 2025 மே மாதம் பாகிஸ்தான் ஒரே இரவில் 300, 400 ட்ரோன்களை அனுப்பியது என்று நம் அரசு சொன்னபோது, அவற்றை வீழ்த்தியதில் பழைய எல்-70 விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் நல்ல பங்கு. மேகத்துக்குள் போனாலும் பீரங்கிக் குண்டு வேலை செய்யும், லேசர் செய்யாது. ஆகவே "ஒரு தடவை சுடச் சில ரூபாய்" என்ற வாசகத்தை மட்டும் நம்பி மேடை ஏறாதே என்றேன். மெஷினின் விலையை, அது பழுதாகி நிற்கும் நாட்களை, மேகமூட்டமான நாட்களைச் சேர்த்தால்தான் அது விலை. லேசரின் உண்மையான லாபம், ராக்கெட் தீர்ந்த பிறகும் எரிபொருள் உள்ளவரை சுடலாம் என்பதில் இருக்கிறது. அந்த லாபமும் மணிக்கணக்கில் வானத்தில் சுற்றுகிற விமானத்துக்கே அதிகம். மறுபடியும் சரக்கு விமானம்.

நடுவர்கள் கேட்காமல் போகக்கூடிய ஒன்றையும் எழுதிவைக்கச் சொன்னேன். 1.06 மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் தடையில்லாமல் போகும். கண்புரை அறுவைக்குப் பிறகு மங்கும் படலத்தைத் திறக்க மதுரைக் கண் மருத்துவமனைகளில் பயன்படும் யாக் லேசரும் ஏறத்தாழ இதே அலைநீளம்தான். ஒரு ட்ரோனின் பளபளப்பான உடலில் பட்டுத் தெறிக்கும் கற்றை எங்கே போகும், கீழே ஊர் இருந்தால் என்ன, பக்கத்தில் பயணிகள் விமானம் இருந்தால் என்ன? நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யும் லேசர்களை 1995-ன் சர்வதேச நெறிமுறை தடை செய்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். எரிக்கும் லேசர் அந்தத் தடைக்குள் வராது. ஆனாலும் எந்தத் திசையில் எப்போது சுடக்கூடாது என்பதை விமானத்தின் மென்பொருளே தடுத்து நிறுத்த வேண்டும், விமானியின் நிதானத்தை நம்பி விடக்கூடாது.

போர் விமானக் கட்சிக்காரனுக்கு ஒரு வழி விட்டிருக்கிறேன். ஃபைபர் லேசரின் திறன் பாதிக்கு மேல் போகட்டும். ஒரு கிலோவாட்டுக்கு லேசரும் குளிர்விப்பும் மின்சாரமும் சேர்த்து சில கிலோ எடைக்குள் வரட்டும். பின்பக்கத்துக் கலங்கிய காற்றுக்குள் கற்றையைத் திருத்திக் குறிபிடிக்க முடியும் என்று யாராவது பறந்து காட்டட்டும். மூன்றும் நடந்தால் என் வாக்கு அவனுக்கு. மூன்றில் முதல் இரண்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. மூன்றாவதைத் தரையில் வைத்துச் சோதித்தால் மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.